சிவப்புக் கோடும் என் குழாய்த் தண்ணீரும்

ஐம்பத்து மூன்று வயதில், இரண்டு முதுகலைப் பட்டங்களும் ஒரு மூக்குக்கண்ணாடியும் உள்ள நான், தூத்துக்குடி விடுதி ஒன்றின் குளியலறையில் நின்று, குழாய்த் தண்ணீரை ஒரு பிளாஸ்டிக் கேனில் பிடித்து, அது என்னுடைய சிறுநீர் என்று சொல்லி மருத்துவ ஆய்வுக்குக் கொடுத்தேன். முழுக்கத் தண்ணீர் அல்ல, கொஞ்சம் அசலும் இருந்தது. பால்காரர்கள் காலங்காலமாகச் சொல்லிவரும் சமாதானம்தான்.

இந்த நிலைக்கு என்னைக் கொண்டுவந்தவள் மாலதி. பள்ளித் தோழி. சென்னையில் ஒரு கல்லூரியில் சமூக மருத்துவம் கற்பிக்கும் பேராசிரியர். தூத்துக்குடிப் பக்கம் உப்பளத்தில் வேலை செய்யும் பெண்களின் சங்கமும் அவளுடைய துறையும் கூட்டாக ஓர் ஆய்வு நடத்துவதாகவும், கேள்வித்தாளையும் ஒப்புதல் படிவத்தையும் எளிய தமிழில் எழுத ஆள் வேண்டும் என்றும் சொன்னாள். "நீ நகைச்சுவை எழுதறவன்தானே, உனக்கு எளிமையா வரும்" என்றாள். பாராட்டு என்று நினைத்து ஒப்புக்கொண்டேன். தாம்பரம் தாண்டினாலே வெளிநாடு போகிற மாதிரி மாத்திரைகளை எண்ணி எடுத்துவைக்கிற ஆள் நான்.

முதல் நாள் காலை ரயிலை விட்டு இறங்கியதும் மூக்கு விழித்துக்கொண்டது. சென்னைக்கும் கடல் இருக்கிறது. ஆனால் அது ஞாயிற்றுக்கிழமை சுண்டல் தின்னப் போகிற கடல். இங்கே கடல் வேலைக்குப் போய்விட்டுத் திரும்பி வருகிறது. துறைமுகத்து லாரி, கருவாடு, உப்பு என்று அதன் மேல் வேலை வாடை அடிக்கிறது. ஆட்டோக்காரர் என் பெட்டியைப் பார்த்துவிட்டு, "திருச்செந்தூருக்கா அண்ணாச்சி?" என்றார். ஆய்வுக்கு வந்திருப்பதாகச் சொன்னேன். "அப்படியா, எந்தக் கம்பெனி மேல?" என்று குரலைத் தாழ்த்தினார். ஊருக்குள் ஆய்வு என்ற சொல்லுக்கு ஒரு பழைய பயம் இருக்கிறது போல.

கூட்டம் நடந்த ஊரின் பெயரை நான் எழுதக் கூடாது. ஆய்வு அறம். அறிக்கையில் 'கிராமம் க' என்றுதான் வரும். இதை மாலதியின் ஆராய்ச்சி மாணவன் பிரவீன் அறிவித்ததும், சங்கத் தலைவி சந்தனமாரி நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"எங்க ஊருக்குப் பேரு இருக்குல்லா தம்பி. எதுக்கு 'க'ங்கீய?"

"உங்க பாதுகாப்புக்குத்தான் அக்கா. யாருன்னு தெரியக் கூடாதுல்ல?"

"பத்து வருசமா கத்திக்கிட்டு இருக்கோம், எவனுக்கும் யாருன்னு தெரியல. இனி நீங்க வேற மறைக்கணுமாக்கும்?"

சங்கக் கட்டடம் என்பது தகரக் கூரை போட்ட ஒற்றை அறை. பன்னிரண்டு பெண்கள் வந்திருந்தார்கள். விவகாரம் இதுதான்: உப்பளத்தில் கழிப்பறை இல்லை, குடிக்கத் தண்ணீர் இல்லை. பலருக்கும் நீர்க்கடுப்பு, இடுப்புவலி. சங்கம் மனு மேல் மனு கொடுத்தது. கடைசியாகப் போன அலுவலகத்தில் ஒருவர், "வேலையாலதான் இந்த வியாதின்னு ஆதாரம் இருக்கா?" என்று கேட்டிருக்கிறார். அந்த ஆதாரத்துக்காகத்தான் சந்தனமாரி டாக்டர்களைத் தேடிப் பிடித்தார். வழக்கமாக டாக்டர்கள்தான் ஊரைத் தேடிப் போவார்கள். இங்கே ஊர் போய் மாலதியின் கையைப் பிடித்து இழுத்துவந்திருக்கிறது.

ஆய்வின் முதல் கட்டம் இருபத்துநான்கு மணிநேரச் சிறுநீர்ச் சேகரிப்பு. காலையில் எழுந்ததும் முதலில் கழிப்பதை விட்டுவிட வேண்டும். பிறகு மறுநாள் காலை வரை ஒரு சொட்டு விடாமல் கேனில் பிடிக்க வேண்டும். கேனின் பக்கவாட்டில் பிரவீன் மார்க்கரால் ஒரு சிவப்புக் கோடு போட்டிருந்தான். அதற்குக் கீழே இருந்தால் முழுமையற்றது, கணக்கில் சேராது. இதையெல்லாம் நான் எழுதிய எளிய தமிழில் படித்துக்காட்டினேன். 'தாங்கள் கழிக்கும் நீரின் ஒவ்வொரு துளியும் அறிவியலுக்கு இன்றியமையாதது' என்ற வரியை உருக்கமாகவே வாசித்தேன்.

முத்துக்கனி என்ற பெண் பக்கத்திலிருந்தவரிடம் கேட்டது என் காதில் விழுந்தது: "ஏளா, இவரு என்ன, பூசை வைக்கப் போறாரா?"

சந்தனமாரி ஒரு நிபந்தனை போட்டார். "கூட்டாளின்னு சொல்லுதீய. அப்பம் எங்களுக்கு முன்ன ஒங்கள்ல ஒருத்தர் செஞ்சு காட்டணும். செய்ய முடியுமா முடியாதான்னு பாப்போம்."

நியாயமான பேச்சு. மாலதியும் பிரவீனும் ஒரே நேரத்தில் என்னைப் பார்த்தார்கள். ஒவ்வொரு துளியும் இன்றியமையாதது என்று எழுதியவன் நான்தானே.

இரண்டாம் நாள் கேனும் கையுமாகத் தொடங்கினேன். கேனைத் துணிப்பையில் போட்டுத் தூக்கிக்கொண்டு அலையத்தான் வேண்டும். காலை பத்து மணிவரை யோக்கியமாக இருந்தேன். பிறகு பசித்தது. ஒரு மனிதன் கேனோடு பரோட்டாக் கடைக்குள் எப்படிப் போவது? விடுதியில் வைத்துவிட்டுக் கிளம்பினேன். பொரித்த பரோட்டா, சால்னா, அதன் மேல் இன்னும் கொஞ்சம் சால்னா. சென்னையில் பரோட்டா கேட்டால் ரப்பர் தட்டு வரும். இங்கே கையால் தொட்டதும் நொறுங்குகிறது. கடைக்காரர், "அண்ணாச்சி, இன்னும் ரெண்டு வைக்கட்டா?" என்று கேட்ட தொனியில் மறுப்பதற்கு இடமே இல்லை. பிறகு ஒரு பேக்கரியில் மக்ரூன். முட்டையின் வெள்ளையும் முந்திரியும் சர்க்கரையும் சேர்த்து நுரைக்கு உருவம் கொடுத்திருக்கிறார்கள். ஒரு பொட்டலம் வீட்டுக்கென்று வாங்கி, பேக்கரி வாசலிலேயே தீர்த்தேன். பிறகு டீ, கடற்கரை, மறுபடி டீ.

இதற்கிடையில் மனித உடல் தன் வேலையைச் செய்துகொண்டுதான் இருந்தது. பரோட்டாக் கடையின் பின்பக்கம் ஒருமுறை, பேருந்து நிலையத்தில் ஒருமுறை, இன்னொருமுறை எங்கே என்பதை மாநகராட்சிக்குப் பயந்து சொல்லாமல் விடுகிறேன். மாலை விடுதிக்குத் திரும்பியபோது கேன் மேசை மேலிருந்து என்னைப் பார்த்தது. அடியில் இரண்டு விரல் அளவுதான் இருந்தது. கோடு எங்கோ உயரத்தில்.

மறுநாள் காலைவரை மானமாக முயன்றேன். அப்படியும் கோடு எட்டவில்லை. உண்மையைச் சொல்லிவிடலாம் என்று ஒரு நிமிடம் நினைத்தேன். பன்னிரண்டு பெண்களின் முன்னால், ஒரு நாள் கேனைச் சுமக்க முடியாதவன் என்று நிற்பதா? குழாயைத் திறந்தேன். கோட்டைத் தாண்டி இன்னும் கொஞ்சம் பிடித்தேன். ஏமாற்றுவதிலும் தாராள மனசு வேண்டும்.

மூன்றாம் நாள் காலை அதை எடுத்துக்கொண்டு டவுன் பஸ்ஸில் ஏறினேன். கேனை இருக்கைக்கு அடியில் வைத்தேன். ஒரு மாடு குறுக்கே வந்தது. டிரைவர் பிரேக் போட்டார். கேன் உருண்டு கண்டக்டரின் காலடிக்குப் போனது. அவர் அதை எடுத்து ஆட்டிப் பார்த்து, பஸ்ஸுக்கே கேட்கும்படி, "யாரு பதனி?" என்றார். பதநீராகவே இருந்துவிட்டுப் போகட்டும் என்று நான் கையைத் தூக்கினேன். அடுத்த இருக்கையில் இருந்த பெரியவர் ஆசையாகத் திரும்பினார்.

"காலையில எறக்குனதா அண்ணாச்சி? ஒரு வாய் கிடைக்குமா?"

"புளிச்சிருச்சு" என்றேன். இரண்டு நாளில் நான் சொன்னவற்றில் உண்மைக்கு மிக அருகில் வந்தது அதுதான்.

சங்கத்தில் பிரவீன் கேனைத் தூக்கிப் பார்த்து மலர்ந்தான். எல்லாப் பெண்களுக்கும் தெரியும்படி உயர்த்திக் காட்டினான். "பாத்தீங்களா, சார் ஒரு சொட்டு விடலை. முழுமையான மாதிரின்னா இதுதான்." பெண்கள் என்னை மரியாதையோடு பார்த்தார்கள். நான் கூரைத் தகரத்தைப் பார்த்தேன். மாலதி மட்டும் கேனையும் என்னையும் மாறி மாறிப் பார்த்துவிட்டுக் குறிப்பேட்டைத் திறந்தாள். பெண்களுக்கு ஆளுக்கொரு கேன் கொடுக்கப்பட்டது. மறுநாள் விடிவதிலிருந்து கணக்கு.

நான்காம் நாள் விடியற்காலையில் அவர்களோடு உப்பளத்துக்குப் போனேன். வேலையிடத்தைப் பார்த்தால் கேள்வித்தாள் மெருகேறும் என்பது என் எண்ணம். போகும் வழியில் கருப்பட்டிக் காப்பி கிடைத்தது. இரண்டு டம்ளர் குடித்தேன்.

உப்பளம் என்றால் படத்தில் பார்த்திருப்பீர்கள். படத்தில் தெரியாதது, அங்கே எதன் பின்னாலும் நிற்க முடியாது என்பது. சதுரம் சதுரமாகப் பாத்தி, நடுவே கணுக்கால் உயர வரப்பு, தொலைவில் குவித்த உப்பின் வெள்ளை அம்பாரம். அதற்கப்பால் வானம். மரம் இல்லை, புதர் இல்லை, சுவர் இல்லை. பெண்கள் நீளக் கழியின் நுனியில் கட்டிய பலகையால் உப்பை இழுத்து ஒதுக்கினார்கள். பிறகு அதைக் கூடையில் அள்ளித் தலையில் தூக்கி வரப்பு வழியே நடந்தார்கள். வெயில் மேலேயிருந்து ஒருமுறை, உப்பில் பட்டுக் கீழேயிருந்து ஒருமுறை என்று இரண்டு தடவை அடித்தது. சென்னை வெயிலைப் பற்றி நான் எழுதிய கட்டுரைகள் எல்லாவற்றையும் மனசுக்குள் திரும்பப் பெற்றுக்கொண்டேன்.

ஒரு மணி நேரத்தில் கருப்பட்டிக் காப்பி தன் வருகையைத் தெரிவித்தது. மெதுவாக ஒரு வரப்பில் நடந்தேன். திரும்பிப் பார்த்தால் எல்லோரும் தெரிந்தார்கள்; ஆகவே எல்லோருக்கும் நானும் தெரிந்தேன். இன்னும் நடந்தேன். தெரிந்தார்கள். அம்பாரத்தின் பின்னால் போகலாம் என்றால் அங்கே லாரியில் ஏற்றிக்கொண்டிருந்தார்கள். பின்னாலிருந்து முத்துக்கனியின் குரல் வந்தது.

"அண்ணாச்சி! அங்கன போனாலும் தெரியும். இன்னும் தள்ளிப் போனிய, திருச்செந்தூர் வந்துரும்!"

பாத்தி முழுக்கச் சிரிப்பு. திரும்பி வந்தேன், அடக்கிக்கொண்டே.

"நீங்கள்லாம் எங்க போவீங்க?" என்று கேட்டேன். நான்கு நாளில் நான் கேட்ட முதல் உருப்படியான கேள்வி.

"எங்கயும் போவ மாட்டோம்" என்றார் முத்துக்கனி. "ஆம்பளையளாவது அந்தாக்குல திரும்பி நின்னுக்கிடலாம். நாங்க என்ன செய்ய? அதான் குடிக்கதே இல்ல."

"தண்ணியா?"

"நேத்து சாயங்காலம் டீயோட சரி. இனி வீட்டுக்குப் போயித்தான். குடிச்சா வரும். வந்தா எங்க போறது, கடலுக்கா? வேலை இல்லாத அன்னைக்குத்தான் வயிறு நெறையத் தண்ணி."

நான் எழுதிய கேள்வி இது: 'நாளொன்றுக்கு எத்தனை குவளை நீர் அருந்துகிறீர்கள்?' கீழே நான்கு கட்டங்கள். ஏன் அருந்துவதில்லை என்று கேட்கக் கட்டம் இல்லை. என் வீட்டில் மூன்று கழிப்பறைகள். அந்தக் கேள்வி எனக்குத் தோன்றியிருக்க நியாயமும் இல்லை.

ஐந்தாம் நாள் கேன்கள் வந்தன. தகரக் கூரையின் கீழே வரிசையாக வைத்து, பிரவீன் குனிந்து ஒவ்வொன்றாகப் பார்த்தான். முகம் சுருங்கிக்கொண்டே போனது. பன்னிரண்டில் பத்து, கோட்டுக்குக் கீழே. முத்துக்கனியின் கேனில் அடிப்பாகம் மட்டுமே நனைந்திருந்தது என்று சொல்லலாம்.

"இதையெல்லாம் சேர்க்க முடியாது அக்கா" என்றான். "பாதியைக் கீழ விட்டிருக்கீங்க."

"யாரு விட்டா?" முத்துக்கனி எழுந்துவிட்டார். "அம்புட்டுத்தான் வந்துச்சு. வராதத நான் எங்க போயி வாங்கிட்டு வாரது?"

"அக்கா, கோவிச்சுக்காதீங்க. இதே வெயில்ல, இதே ஊர்லதானே சாரும் இருந்தார். அவரோட கேன் எப்படி இருந்துச்சு? இந்தப் பத்தையும் எடுத்துட்டு, மீதி ரெண்டை வெச்சு எழுதிடலாம். மத்தவங்க இன்னொரு நாள் சரியா பிடிச்சுக் கொடுங்க."

சந்தனமாரி, கோட்டுக்கு மேலே இருந்த இரண்டு கேன்களின் அருகே போய் எண்ணைப் பார்த்தார். "இது யாருது?"

பிரவீன் பட்டியலைப் பார்த்தான். "ஜெயக்கொடி. இன்னொண்ணு பேச்சியம்மா."

"ரெண்டு பேரும் அன்னைக்கு வேலைக்கே வரல தம்பி. ஜெயக்கொடிக்குக் காய்ச்சல். பேச்சியம்மா பேத்தி காதுகுத்துக்குப் போயிட்டா."

"கேனோட போனேன்" என்றார் பேச்சியம்மா பெருமையாக. "சீர்த்தட்டுக்குப் பக்கத்துலதான் வச்சிருந்தேன்."

"அப்பம் இந்த ரெண்டயும் வச்சி என்னன்னு எழுதுவிய?" சந்தனமாரியின் குரல் உயரவில்லை. "உப்பளத்துக்காரி எல்லாம் நல்லாத்தான் இருக்கான்னா? இதத்தானே அந்த ஆபீசர் கேட்டாரு? அவருக்கு நாங்களே ஆதாரம் எடுத்துக் குடுத்த மாதிரி ஆயிரும்லா?"

பிரவீன் கெட்டவன் அல்ல. அவனுக்கு நெறிமுறை இருந்தது, கோடு இருந்தது. எல்லாவற்றுக்கும் மேல் சாரின் கேன் இருந்தது. "ஆனா சாரோட மாதிரி..." என்று மறுபடி தொடங்கினான்.

அறையில் எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். என் வாழ்க்கையில் நான் எழுதிய எதுவும் இவ்வளவு தூரம் மேற்கோள் காட்டப்பட்டதில்லை. பத்துப் பெண்கள் பொய்யர்கள் என்பதற்கு ஒரே சாட்சியாக என் குழாய்த் தண்ணீர் நின்றுகொண்டிருந்தது.

"அதுல பாதிக்கு மேல தண்ணி" என்றேன்.

வெளியே ஒரு கோழி கூவியது, வேளை தவறியதுதான்.

"என்ன தண்ணி?" என்றான் பிரவீன்.

"விடுதிக் குழாய்த் தண்ணி. நான் கேனை ரூம்ல வெச்சிட்டு பரோட்டா சாப்பிடப் போயிட்டேன்."

அந்தச் சிரிப்பை நான் எழுதி முடியாது. பேச்சியம்மா சுவரைப் பிடித்துக்கொண்டார். முத்துக்கனி கண்ணைத் துடைத்துக்கொண்டு, "ஏளா, நாம பொய் சொல்லுதோம்னு இவரு கேன வச்சுல்லா சொன்னாவ!" என்றார். நான் அந்த நேரத்தில் எதிர்பார்த்தது கொஞ்சம் கண்ணீர், முடிந்தால் ஒரு கைதட்டல். பெரிய மனசு என்று யாராவது சொல்லியிருக்கலாம். யாரும் சொல்லவில்லை.

மாலதி மட்டும் சிரிக்காமல் சொன்னாள்: "எனக்கு அன்னைக்கே சந்தேகம்தான். இந்த வெயில்ல அலையறவனுக்கு இவ்வளவு தெளிவா வராது. எப்படியும் ஆய்வகத்துல தெரிஞ்சிருக்கும். தண்ணி கலந்ததா, குறைவா வந்ததான்னு சோதிக்க வழி இருக்கு." பிறகு பெண்கள் பக்கம் திரும்பினாள். "தப்பு எங்க மேலதான். முதல் கூட்டத்துலயே தண்ணி குடிக்கிறதில்லன்னு நீங்க சொன்னீங்க. நான் அதைப் 'பழக்கம்'னு நோட்டுல எழுதினேன். ஏன்னு கேட்கலை. கோடு போட்டதும் எங்க ஊர்ல இருந்துகிட்டு."

அந்தப் பத்துக் கேன்களும் ஆய்வகத்துக்குப் போயின. கோடு போகவில்லை, பிரவீன் அதை அழிக்க மனமில்லாமல், பக்கத்தில் 'வேலை நாள்', 'வேலையற்ற நாள்' என்று எழுதினான். எல்லாப் பெண்களும் இரண்டு நாளும் பிடித்துக் கொடுப்பது, ஒவ்வொரு முறை போகும் நேரத்தையும் குறித்துவைப்பது என்று முடிவாயிற்று. அதை முடிவு செய்தது சங்கம். மாலதி ஒப்புக்கொண்டாள்.

என் கேள்வித்தாள் அன்று மதியமே மறு அவதாரம் எடுத்தது. அவர்கள் சொல்லச் சொல்ல நான் எழுதினேன். 'வேலைக்குப் போற அன்னைக்குக் கடைசியா எப்பம் தண்ணி குடிப்பிய? எதுக்கு அதுக்கு மேல குடிக்க மாட்டிய? அடக்கிக்கிட்டு எம்புட்டு நேரம் இருப்பிய?' நடுவில் ஒருமுறை 'அடக்கிக்கொள்ளும் கால அளவு' என்று திருத்தப் பார்த்தேன். சந்தனமாரி என் பேனாவைப் பார்த்தார். அடித்துவிட்டேன். மதியச் சாப்பாடு முத்துக்கனி வீட்டில். சீலா மீன் குழம்பு. சோற்றோடு ஒரு செம்புத் தண்ணீரை என் முன்னால் வைத்து, "நல்லாக் குடிங்க அண்ணாச்சி, இங்கன பின்னால ரூம் இருக்கு" என்றார்.

சென்னை திரும்பி நண்பர்களிடம் இந்தக் கதையை நான் உண்மையை ஒப்புக்கொண்ட வீரக் கதையாகச் சில மாதங்கள் சொல்லிவந்தேன். ஒவ்வொரு முறையும் குழாயின் பங்கு கொஞ்சம் குறைந்து என் மனசாட்சியின் பங்கு கூடிக்கொண்டிருந்தது.

அப்போது சந்தனமாரியிடமிருந்து அலைபேசி அழைப்பு. அறிக்கையை அதே அலுவலகத்தில் சங்கப் பெண்களே நின்று வாசித்தார்களாம். ஊர்ப் பெயரையும் சேர்த்தே வாசித்தார்களாம். உப்பளத்தின் ஓரமாகத் தகரத்தில் இரண்டு கழிப்பறைகள் வந்துவிட்டனவாம். தண்ணீர்த் தொட்டி இன்னும் வந்துகொண்டே இருக்கிறதாம். "அடுத்த அளத்துக்காரியளுக்கு ஒண்ணும் வரல. அவளுவளும் இப்பம் கேன் கேக்காளுவ" என்றார்.

நெஞ்சு விம்மியது. திறப்பு விழா எப்போது என்று கேட்டேன். நேரில் வருகிறேன், ஒரு கட்டுரை எழுதலாம், படமும் எடுக்கலாம் என்றேன்.



"நீங்க எதுக்கு அண்ணாச்சி அம்புட்டுத் தூரத்துல இருந்து?" என்றார் சந்தனமாரி. "நீங்க வந்து வாசல்ல நின்னா, நாங்க எப்படி உள்ள போறது?"